மழையை எண்ணிய தோட்டங்கள்

ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், அலுவலகத்தின் முன்புறப் புல்தரையில் கம்பி வேலிக்குள் ஒரு செப்புக் கலம் நிற்கும். மேலே புனல், உள்ளே குப்பி. அவ்வளவே அதன் அமைப்பு. காலையில் கிராணியாரோ அவர் ஏவிய அலுவலகப் பையனோ குப்பியில் தேங்கிய நீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து, அங்குலக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பர். பிள்ளைகள் அதன் அருகே செல்லக்கூடாது என்பது லயத்தில் எழுதாச் சட்டம். அந்தக் கலத்தைப் பார்த்து வளர்ந்தோர் பலர். அங்கே எழுதப்பட்ட கணக்கு எங்குச் சென்றது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டோர் சிலரே.

இன்று அதே வேலையைச் செய்யும் கருவி வேறு உருவம் கொண்டுள்ளது. கம்பத்தின்மேல் கதிரவன் ஒளியில் மின் ஆக்கும் ஒரு தகடு, அதன் கீழே சிறு பெட்டி, பக்கத்தே ஒரு கொம்பு. மழையையும் வெப்பத்தையும் மண்ணின் ஈரத்தையும் ஆற்றின் மட்டத்தையும் தானே உணர்ந்து, தானே இணையத்தின் வழி அனுப்பிவிடுகிறது. இவற்றை உணர்கருவிகள் என்கிறோம். ஆயிரக்கணக்கான உணர்கருவிகள் அனுப்பும் எண்களை ஏற்று, சரிபார்த்து, அடுக்கி வைத்து, வேண்டுவோர்க்கு எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தரவுக் களம் எனலாம். நம் நாட்டுப்புறத்தில் களம் என்பது பல வயல்களின் கதிரும் வந்து சேர்ந்து, அடிபட்டு, தூற்றப்பட்டு, மரக்காலால் அளக்கப்பட்டு, பங்கிடப்படும் இடம். இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை.

இக்களம் நேற்று முளைத்ததன்று. கம்பியும் மின்னும் வருமுன்னரே இதன் இலக்கணம் வகுக்கப்பட்டுவிட்டது. நெகிரி செம்பிலானில் அந்த இலக்கணத்தைக் கையால் எழுதியோர் தோட்டத்துக் கிராணிமாரே.

மழையை அளக்க வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியோடு பிறந்தது. கௌடலியரின் பொருள்நூல், அரசின் பண்டக சாலையிலே ஒரு முழ அகல வாயுள்ள கலத்தை மழை அளக்க வைக்குமாறு கூறுகின்றது; எந்நாட்டில் எத்தனை துரோணம் மழை பெய்யும் என்ற கணக்கையும் தருகின்றது. விளைச்சலுக்கு ஏற்ப வரி வாங்க வேண்டுமாயின் மழையின் அளவு தெரிந்தாக வேண்டும். கொரியாவில் செயோங் மன்னர் ஆட்சியில் 1441-இல் மழைமானி உருவாக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் ஒரே அளவாக வார்க்கப்பட்ட கலங்கள் மாநிலங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டன. ‘ஒரே அளவாக’ என்னும் சொல்லை இங்கே அடிக்கோடிட்டுக் கொள்ளலாம். நம் ஊர்ப்புறத்து வழக்கிலோ ‘ஓர் உழவு மழை’ என்பது அளவு. உழுபவனுக்கு அது போதும். ஆனால் தஞ்சை மண்ணில் ஓர் உழவு மழையும் கரிசல் மண்ணில் ஓர் உழவு மழையும் ஒன்றல்ல. பஞ்சாங்கமும் இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று முன்னதாகவே சொல்லி, கடலுக்கு இவ்வளவு மலைக்கு இவ்வளவு என்று பங்கும் பிரித்துவிடும். பெய்த பின் அளந்து பார்க்கும் வேலையை மட்டும் அது மேற்கொள்வதில்லை.

பல இடத்து அளவுகளை ஓரிடத்தில் கூட்டும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஜி. ஜே. சைமன்ஸ் என்பார் 1860-ஆம் ஆண்டு மழைக் கணக்குகளைத் திரட்டத் தொடங்கினார். அப்போது அவருக்குக் கணக்கு அனுப்பியோர் 168 பேர். 1900-இல் அவர் மறைந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பிக்கொண்டிருந்தனர். பாதிரிமார், மருத்துவர், நிலக்கிழார் எனப் பலதிறத்தோர், ஒருவருக்கும் ஊதியமில்லை. இருபது மடங்கு பெருகியும் அந்த அமைப்புக் குலையாமைக்குக் காரணம் யாது? கலத்தை எங்கே நாட்டுவது, எந்நேரம் பார்ப்பது, எவ்வாறு எழுதுவது என்ற விதிகளை அவர் அனைவர்க்கும் ஒன்றாக வைத்திருந்தார். 169-ஆவது ஆளைச் சேர்க்கப் புதுவிதி வேண்டியதில்லை. ஒரு தாள் கூட வேண்டும், அவ்வளவே. இன்று பொறியாளர் ‘வளர்ந்து கொடுக்கும் அமைப்பு’ என்று சொல்வதும் இதையே.

இந்தியாவில் இப்பாடம் கடுமையான வழியில் கற்கப்பட்டது. சென்னையில் 1792-இலேயே கும்பினியாரின் வானாய்வுக்கூடம் எழுந்தது. 1813 முதல் அந்நகரின் மழைக் கணக்கு உண்டு. ஆயினும் மாகாணந்தோறும் வெவ்வேறு கருவி, வெவ்வேறு நேரம், வெவ்வேறு முறை. 1864-இல் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்தது. தொடர்ந்து பஞ்சங்களும் வந்தன. 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைக்கப்பட்டு, ஹென்றி பிளான்போர்டு அதன் தலைவராக அமர்ந்தார். கருவிகளை ஒப்பிட்டுத் திருத்துவதும் நேரத்தை ஒன்றாக்குவதுமே அவருடைய முதற் பெரும்பணியாயிற்று. இவ்வாறு சேர்ந்த ஏடுகளின்மீது உட்கார்ந்துதான் 1904-இல் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் துலாக்கோல்போல் ஏறி இறங்குவதைக் கண்டார். கணிப்பொறி இல்லாத காலம். இந்தியக் கணக்கர்கள் கையால் போட்ட கூட்டல் பெருக்கல்களே அவருக்குக் கணிப்பொறி. 1913-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த இராமானுசனின் கணித ஏடுகளைக் கண்டு, அவருக்கு ஆதரவளிக்குமாறு பல்கலைக்கழகத்துக்கு எழுதியவரும் இதே வாக்கர்தான். நம் கட்டுரைக்கு அது புறம்பானது. எனினும் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டியது.

இனி நெகிரி செம்பிலானுக்கு வருவோம்.

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், தம்பின் எனத் தோட்டங்கள் பரவிய இம்மாநிலத்தில் மழை ஓரிடம்போல் மற்றோரிடத்தில் பெய்வதில்லை. தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடி இம்மாநிலத்தின் நடுவே தாழ்ந்து இறங்குகிறது. மலைகளுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் ஜெலுபுப் பகுதி தீபகற்பத்திலேயே மழை குன்றிய இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 65 அங்குலம். தைப்பிங்கை அடுத்த மேக்ஸ்வெல் மலையிலோ 200 அங்குலத்தை ஒட்டிப் பெய்யும். இவ்வேறுபாடுகளை யார் அளந்தனர்? அரசின் வானிலை நிலையங்கள் அன்று மிகச்சில. உள்நாட்டு மூலைகளில் நாள் தவறாது மழையை அளக்க ஆள் வைத்திருந்தவை தோட்டங்களே. 1959-இலும் 1960-இலும் டபிள்யூ. எல். டேல் வெளியிட்ட மலாயாவின் மழை பற்றிய ஆராய்ச்சி இத்தகைய நெடுநாட் கணக்குகளின்மேல் கட்டப்பட்டதே. புவியியல் பாடநூலில் மாணவர் காணும் மழை வரைபடத்தின் பின்னே கிராணிமாரின் கைகள் உள்ளன. அவர்களுள் யாழ்ப்பாணத்தார் உண்டு, மலையாளிகள் உண்டு, தமிழ்நாட்டார் உண்டு. ஒருவர் பெயரும் வரைபடத்தில் இல்லை.

இதை வெள்ளைத்துரைமாரின் அறிவியல் ஆர்வம் என்று புகழ்வோர் உளர். அது பொருந்தாது. அளக்கச் செய்தது ஆர்வமன்று; பால்.

பால்மரம் சீவுவது விடியலில். வெயில் ஏறாத வேளையில் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தாலோ வெட்டுக்கோட்டில் ஓட வேண்டிய பால் பட்டைமேல் படர்ந்து வழிந்துவிடும். சீவிய பின் மழை பிடித்தால் மங்கிலிருக்கும் பால் நீரோடு நீராய்ப் போகும். ஆகவே பிரட்டுக் களத்தில் இருட்டோடு நிற்கும்போதே, இன்று வெட்டு உண்டா இல்லையா, பட்டை காயும்வரை பொறுப்பதா என்ற கேள்வி எழும். மாத முடிவில் மேலாளர் ஏஜென்சி நிறுவனத்துக்கும், அதன் வழி இலண்டன் பங்குதாரர்க்கும் அறிக்கை அனுப்புவார்: இவ்வளவு அங்குல மழை, இத்தனை மழை நாள், இவ்வளவு இராத்தல் ரப்பர். விளைச்சல் குறைந்தால் பழியை யார்மேல் போடுவது என்பதற்கு மழைக் குறிப்பேடே சான்று.

அதே மழை லயத்திலும் கணக்காயிற்று. ஆனால் வேறு கணக்கு. நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு வெட்டில்லா நாள் கூலியில்லா நாள், அல்லது புல்வெட்டுக் கூலி நாள். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன் போன்றோர் முயன்று, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்றிணைந்தது. பின்னர் அச்சங்கம் மாதச் சம்பளக் கோரிக்கையை விடாது எழுப்பியதற்கு வானமும் ஒரு காரணம். எத்தனை நாள் மழையால் வேலை நின்றது என்பதை இலண்டன் அறிந்தது. லயத்தில் இருந்தோர்க்கு நினைவு மட்டுமே. ஏடு ஒன்றுதான், அது மேல்நோக்கி மட்டுமே பயணம் செய்தது.

மழைமானியோடு இன்னொரு கருவியையும் சேர்த்து நோக்க வேண்டும். அது பால் ஸ்டோரில் இருந்த மெட்ரோலாக். பாலோடு நீரைக் குறித்த அளவில் கலந்து இக்கருவியை மிதக்கவிட்டால், அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் கொண்டு பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று காணலாம். தொழிலாளியின் வாளியில் உள்ள பாலின் அளவும் இந்த எண்ணும் பெருக்கப்பட்டே அவனது உலர் ரப்பர்க் கணக்கு வரும். மங்கில் சொட்டு மழை விழுந்திருந்தாலும் எண் இறங்கும். கருவி பார்ப்பவர் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாலும், பாலின் வெப்பம் மாறினாலும் எண் மாறும். ‘கருவி பொய் சொல்லாது’ என்று மேசையின் அப்பக்கத்திலிருந்து சொல்வது எளிது. கருவி திருத்தமாக உள்ளதா, எப்போது ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது என்று இப்பக்கத்திலிருந்து கேட்க வழியிருந்ததா என்பதே கேள்வி. இன்றைய உணர்கருவிகளுக்கும் இக்கேள்வி அப்படியே பொருந்தும்.

பால் ஸ்டோரின் காட்சி தரவுக் களத்தை விளக்கவும் உதவும். நண்பகலை ஒட்டி எல்லாரும் ஒரே நேரத்தில் வாளிகளோடு வந்து சேர்வர். தராசு ஒன்று, எழுதுபவர் ஒருவர், வரிசை நீளும், பால் உறையத் தொடங்கும். இதற்குத் தீர்வு இருமடங்கு பெரிய தராசு வாங்குவதன்று. இரண்டாவது தராசும் இரண்டாவது எழுத்தரும் வைத்து, இந்தத் தண்டலின் ஆட்கள் இங்கே, அந்தத் தண்டலின் ஆட்கள் அங்கே என்று பிரிப்பதே. நாளை நூறு பேர் கூடினால் மூன்றாவது தராசு. பெரும் தரவுக் களங்களும் இவ்வாறே கட்டப்படுகின்றன. ஒரு பேரெந்திரத்தை நம்பாமல், நிலையங்களைப் பங்கிட்டுப் பல எந்திரங்களில் வைக்கின்றனர். எழுதுபவர் தலைநிமிரும்வரை வாளிகள் வரிசையில் காத்திருப்பதுபோல, வந்த செய்திகள் காத்திருக்கவும் ஒரு திண்ணை அமைக்கின்றனர். அதில் ஒரு நுட்பம் உண்டு: எல்லாக் கருவிகளும் ஒருங்கே கூச்சலிடுவது பெருமழை நாளில். களம் திணறக்கூடாத நாளும் அதுவே. ஆகையால் வெயில் நாளின் அளவைக் கொண்டு களம் கட்டுவது, தை மாதத்தில் பார்த்துவிட்டு ஆற்றோரம் வீடு கட்டுவது போன்றது.

எண்ணிக்கை எவ்வாறு பெருகுகிறது என்பதைக் கணக்குப் போட்டே காணலாம். செப்புக் கலம் நாளுக்கு ஒரு முறை பார்க்கப்பட்டது. ஆண்டுக்கு 365 எண்கள். ஒரு குறிப்பேடு பல்லாண்டு வரும். கால் மணிக்கு ஒருமுறை அனுப்பும் உணர்கருவி நாளொன்றுக்கு 96, ஆண்டுக்கு 35,040 எண்களைத் தருகிறது. நூறு கருவிகள் இருப்பின் ஆண்டுக்கு 35 இலட்சத்துக்கு மேல். இதை எந்தக் கிராணியும் எழுத இயலாது. மனிதன் எழுதும் வேலையிலிருந்து விடுபட்டான். விதி வகுக்கும் வேலையிலிருந்து விடுபடவில்லை.

கருவி தானே எழுதுவது என்பதும் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எண்ணமே. இலண்டனில் கிறிஸ்டபர் ரென் 1660-களில் கவிழ்கலம் கொண்ட வானிலைக் கடிகாரம் ஒன்றை வகுத்தார். சிறு கலம் நிறைந்ததும் கவிழும். அடுத்த கலம் புனலின்கீழ் வந்து நிற்கும். கவிழும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணிக்கை. இன்றைய தானியங்கி மழைமானிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதே கவிழ்கலம்தான். கலம் கவிழுந்தோறும் ஒரு காந்தம் சிறு மின்சுற்றை ஒருகணம் இணைக்கிறது. அரை மில்லிமீட்டர் மழை, அல்லது அதனினும் குறைவு, ஒரு துடிப்பாகிறது.

மலேசியாவில் இக்கருவிகளைப் பரப்பியது வெள்ளம். 1971 சனவரியில் கோலாலம்பூரும் தீபகற்பத்தின் பிற பகுதிகளும் பெருவெள்ளத்தில் மூழ்கின. அவ்வாண்டிலேயே நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1932-இல் தோன்றிய நீர்ப்பாசன வடிகால் துறை, ஆற்றின் தலைப்பகுதியில் பெய்யும் மழையை வானொலி அலைவழி உடனுக்குடன் அறியும் தொலை அளவீட்டு நிலையங்களைப் பேராறுகளில் நிறுவத் தொடங்கியது. இன்று அத்துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ என்னும் இணையத்தளத்தில் நெகிரி செம்பிலான் நிலையங்களின் மழையளவையும் ஆற்று மட்டத்தையும் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆற்று மட்டத்துக்கு இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு படிகள். சிரம்பான் வழி ஓடும் லிங்கி ஆற்றங்கரையில் குடியிருப்போர்க்கு இது ஏட்டறிவன்று. மூட்டை கட்டுவதா வேண்டாமா என்பதற்கான விடை.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான முயற்சி உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் ஊராட்சி ஒன்றியந்தோறும் தானியங்கி வானிலை நிலையம் நிறுவி, அவற்றின் அளவுகளைக் கைப்பேசி வலையின் வழி ஓரிடத்தில் திரட்டுகிறது. மாவட்டத் தலைநகரின் மழையை வைத்துக் கடைக்கோடி ஊரின் உழவனுக்கு அறிவுரை சொன்ன காலம் இதனால் மாறத் தொடங்கியது. மழை ஒன்றியத்துக்கு ஒன்றியம் வேறுபடும் என்பதை ஜெலுபுவை அறிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செய்தி செல்லும் வழியும் சிந்திக்கத்தக்கது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர், பாலைநிலத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழி கண்காணிப்பதற்காக, மிகச் சிறிய செய்திகளை அனுப்பும் முறை ஒன்றை வகுத்தனர். எம்.கியூ.டி.டி. என்பது அதன் பெயர். அதில் மூன்று வகை அஞ்சல் உண்டு. போனால் போகட்டும் என்று ஒருமுறை அனுப்புவது ஒன்று. சேர்ந்தது என்ற மறுமொழி வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புவது இன்னொன்று. ஒரே ஒருமுறை மட்டும் சேர்ந்ததென உறுதி செய்வது மூன்றாவது. இரண்டாவது வகையில் ஒரே எண் இருமுறை வந்து சேரலாம். ஒரே வாளியை இருமுறை எழுதிய கதையாகிவிடும். ஆதலால் ஒவ்வொரு செய்தியும் தன் நிலைய எண்ணையும், அளந்த நேரத்தையும், அளவையும் சுமந்து வர வேண்டும். நிலையமும் நேரமும் ஒன்றாயின், இரண்டாவது வரவைக் களம் தள்ளிவிடும்.

அளந்த நேரம் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். மலாயாவின் வரலாற்றில் நேரத்தைப்போல் ஏமாற்றும் எண் வேறில்லை. 1905 முதல் இந்நாட்டுக் கடிகாரம் கிரீன்விச்சைவிட 7 மணி முந்தியிருந்தது. 1933-இல் அது 7 மணி 20 நிமிடமாயிற்று. 1941 செப்டம்பரில் ஏழரை மணி. 1942-இல் சப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தைச் சுமத்தினர், 9 மணி. 1945-இல் மீண்டும் ஏழரை. 1982 சனவரி முதல் நாள் தொட்டு 8 மணி. ஆகவே 1930-இல் ஒரு கிராணி ‘காலை 7 மணி’ என்று எழுதினால், அது இன்றைய 8 மணி. 1950-இல் எழுதிய 7 மணி, இன்றைய ஏழரை. சப்பானியர் காலத்து 7 மணியோ, அதற்குச் சற்று முன்வரை இருந்த கடிகாரத்தில் விடியாத ஐந்தரை. பழைய ஏடுகளைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் இதை அறியாவிடில், விடியற்கால மழை ஒருநாள் தள்ளி மறுநாள் கணக்கில் விழுந்துவிடும். அங்குலம் மில்லிமீட்டராக மாறியதும் இத்தகையதே, ஆனால் 25.4-ஆல் பெருக்கினால் அது தீரும். நேரம் அவ்வாறு தீராது; எந்த ஆண்டில் எந்தக் கடிகாரம் என்ற வரலாறு தெரிந்தாக வேண்டும். உணர்கருவிகளை உலகப் பொதுநேரத்தில் எழுதச் செய்து, மக்களுக்குக் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குவது இந்தத் துன்பத்தை அறிந்தோர் வகுத்த வழி.

களத்தின் இன்னொரு விதியையும் பழைய ஏடு நமக்குக் கற்பிக்கிறது. நேர்மையான கிராணி மழை பெய்யாத நாளில் சுழியம் இடுவார். அளக்காத நாளில் கோடு இடுவார். அளக்க முடியாத தூறலுக்குத் தனிக்குறி உண்டு. மூன்றும் வேறு. சோம்பேறியின் ஏட்டில் மூன்றும் வெற்றிடமாக இருக்கும். அதைக் கூட்டினால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வறட்சி நிலவும் விந்தையான நாடு ஒன்று தோன்றும். உணர்கருவியும் இவ்வாறு பொய் காட்டும். புனலில் இலை அடைத்துக்கொண்டாலோ எறும்பு கூடு கட்டினாலோ, மழை கொட்டும்போதும் அது சுழியத்தையே அனுப்பும். பெட்டி உயிரோடிருக்கிறது, எண்ணும் வருகிறது, எண் தவறு. ஆதலால் நல்ல களம் வந்த எண்ணை வந்தபடியே ஒரு பேழையில் பூட்டி வைக்கிறது. திருத்திய எண்ணை வேறு பேழையில் வைத்து, ஏன் திருத்தினோம் என்பதையும் உடன் எழுதுகிறது. மூல ஏட்டை அழித்துத் திருத்துவது எக்காலத்தும் குற்றமே.

பழைய மூல ஏடுகள் என்ன ஆயின? ஏஜென்சி நிறுவனங்களுக்குச் சென்ற படிகளும் அரசுத் துறைகளுக்குச் சென்ற படிகளும் ஓரளவு எஞ்சின. தோட்டத்திலேயே இருந்த நூல்களின் கதி வேறு. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; அதைத் தடுக்கவே 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடைப்பட்ட தோட்ட நிலங்கள் பல புதுநகர்களாயின. அலுவலகம் இடிபடும்போது சம்பளப் பதிவேடு யாருக்கேனும் வேண்டியிருக்கலாம். மழைக் குறிப்பேடு யாருக்கு வேண்டும்? கரையானுக்கு இரையாயிற்று. ஐம்பது ஆண்டு நாள் தவறாது எழுதிய ஏடு, எந்த விலையுயர்ந்த கருவியாலும் திரும்பப் பெற முடியாத பொருள். நேற்றைய மழையை இன்று அளக்கும் கருவி இல்லை. தோட்டப் பள்ளிகளின் அலமாரியிலோ, ஓய்வுபெற்ற கிராணிமாரின் வீட்டுப் பரணிலோ ஒரு பழைய ஏடு கிடைக்குமாயின், அதைப் படமெடுத்து, நிலையத்தின் பெயரும் ஆண்டும் எழுதி ஆவணக் காப்பகத்திடம் சேர்ப்பது ஆசிரியர்களால் இயலும் பணி.

புதிய உணர்கருவிகளைத் தோட்ட நிறுவனங்கள் தம் செலவில் நாட்டுகின்றன. மண்ணின் ஈரத்தையும் மழையையும் அறிந்து உரமிடும் நாளைக் குறிப்பது ஆதாயமான வேலை. உரமிட்ட மறுநாள் பெருமழை பெய்தால் உரம் ஆற்றில் போகும். அத்தரவு நிறுவனத்தின் களத்திலேயே தங்கிவிடுமாயின் பழைய கதையே தொடரும். ஏடு மேல்நோக்கி மட்டும் செல்லும். அதே வேலிக்குள் இன்று உழைப்பவர் பெரும்பாலும் இந்தோனீசியரும் வங்காள தேசத்தாரும் நேப்பாளத்தாருமாவர். இடிமின்னலோடு மழை வருவதைப் பெட்டி கால் மணிக்கு முன்னரே உணர்ந்தால், அது மேலாளரின் திரையில் மட்டும் தெரிவதா, செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருப்பவனின் கைப்பேசியிலும் அவன் மொழியில் ஒலிப்பதா? கருவியால் இரண்டும் முடியும். அதை முடிவு செய்வது களத்தின் வாயிலில் எழுதி வைக்கும் விதி. வெள்ளத் துறை தன் எண்களைப் பொதுவில் வைத்தபின் யாருக்கும் நட்டம் வந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக, எந்தக் களமும் நிரப்ப இயலாத பக்கங்கள் சில. 1942 சனவரி 14-ஆம் நாள் கெமாஸை அடுத்த கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் சப்பானியரைப் பதுங்கியிருந்து தாக்கினர். அதற்குள்ளாகவே தோட்டங்களைவிட்டுத் துரைமார் ஓடிப்போயிருந்தனர். தொடர்ந்து வந்த மூன்றரை ஆண்டில் பால்மரங்கள் பெரும்பாலும் சீவப்படாமல் நின்றன. தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். மலாயாவின் மழைக் கணக்குகளில் மிகப் பலவும் அறுபடும் இடம் இது. டிசம்பர்ப் பக்கத்தில் பாதிவரை எண்கள்; அதன்பின் கோடுகூட இல்லை.

இக்காலக் களங்களில் விடுபட்ட எண்ணை அண்டை நிலையங்களைக் கொண்டு கணித்து நிரப்பும் முறை உண்டு. ஓரிரு நாளுக்கு அது பொருந்தும். நிரப்பிய எண்ணுக்குத் தனி அடையாளமும் இடுவர். 1942 முதல் 1945 வரையுள்ள கட்டங்களுக்கு அம்முறை உதவாது. அண்டைத் தோட்டத்திலும் அன்று காலை குப்பியை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை.